சூரியப்புள்ளிகளைப் படிப்பதும் ஃப்ளேரைப் பிடிப்பதும்: 70 மி.மீ. தொலைநோக்கி போதுமா?

கேட்டவர் மதுரைக்காரர். கையில் 70 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி இருக்கிறது, வீட்டுக்கு மொட்டை மாடி இருக்கிறது. 2024 மே மாதச் சூரியப் புயல் செய்திகளைப் படித்ததிலிருந்து ஆசை. சூரியப்புள்ளிகள் இதில் தெரியுமா? ஃப்ளேர் எனப்படும் சூரிய வெடிப்பைக் கண்ணால் பார்க்க முடியுமா? அதற்கு ஹைட்ரஜன் ஆல்ஃபா கருவி வாங்கியே ஆக வேண்டுமா? வீட்டில் உட்கார்ந்து புள்ளிகளை எண்ணி எழுதிவைப்பதால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா? இவைதான் அவருடைய கேள்விகள்.

புள்ளிகள் தாராளமாகத் தெரியும். ஃப்ளேர் அநேகமாகத் தெரியாது. ஃப்ளேரைத் துரத்திப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல் அலுத்துப்போய்த் தொலைநோக்கியைப் பரணில் ஏற்றிவிட்டவர்கள் நிறையப் பேர். என் யோசனை வேறு: புள்ளிக் கூட்டங்களைப் படிக்கப் பழகுங்கள். எது வெடிக்கக்கூடிய கூட்டம், எது சும்மா கடந்துபோகிற கூட்டம் என்பது சில மாதங்களில் உங்களுக்கே பிடிபட ஆரம்பிக்கும். வெடித்த நிமிடத்தைக் கண்ணால் பிடிக்க முடியாவிட்டாலும் ரேடியோ அலையால் பிடிக்கலாம். அதற்கு உதவும் ஒலிபரப்பு நிலையம் ஒன்று திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கண். வடிகட்டி தொலைநோக்கியின் முன்பக்கத்தில், வெயில் குழாய்க்குள் நுழையும் முன்பே, இருக்க வேண்டும். பாடர் நிறுவனத்தின் ஆஸ்ட்ரோசோலார் படலம் போன்றவை ஏ4 தாள் அளவில் கிடைக்கின்றன. ஒளி அடர்த்தி 5.0 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். அது ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். 3.8 என்று இன்னொன்று உண்டு. அது கேமராவுக்கு மட்டும், கண்ணுக்கு ஆகாது. மலிவான தொலைநோக்கிகளோடு ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் முனையிலுள்ள லென்ஸில், திருகி மாட்டும் கறுப்புக் கண்ணாடி ஒன்றைச் சில சமயம் கொடுப்பார்கள். அதை எடுத்து உடைத்துப் போட்டுவிடுங்கள். 70 மி.மீ. லென்ஸ் திரட்டிய வெயில் முழுவதும் அந்த இடத்தில்தான் குவிகிறது. சூட்டில் கண்ணாடி விரிசல் விட்டால் அடுத்த நொடி கண் போய்விடும். எக்ஸ்ரே படம், சி.டி., புகை படிந்த கண்ணாடி எதுவும் வேண்டாம். 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்துக்கு வாங்கிய அட்டைக் கண்ணாடி வீட்டில் கிடந்தால், கீறல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வெறும் கண்ணுக்கு மட்டும் பயன்படுத்தலாம். அதைப் போட்டுக்கொண்டு தொலைநோக்கிக்குள் பார்ப்பது தற்கொலைக்குச் சமம். குறி பார்க்க மேலே பொருத்தியிருக்கும் சின்னத் தொலைநோக்கியான ஃபைண்டரைக் கழற்றிவிடுங்கள், அல்லது இரண்டு பக்கமும் மூடிவிடுங்கள். படலத்தை மாட்டிய வளையம் காற்றில் பறக்காதபடி டேப் ஒட்டுங்கள். மாடியில் காற்று எப்போது வீசும் என்று சொல்ல முடியாது.

வடிகட்டி இல்லாமல் சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைப்பது பழைய முறை. உங்களுடையது லென்ஸ் தொலைநோக்கி என்பதால் இதற்குத் தோதானது. ஆனால் பிளாஸ்டிக் ஐபீஸ் உருகும், பிள்ளைகள் குனிந்து பார்த்துவிடுவார்கள் என்ற இரண்டு பயமும் உண்டு. கண்ணாடிகளால் ஒளியை மடக்கும் காசெக்ரைன் வகைக் கருவிகளில் இதைச் செய்யவே கூடாது. உள்ளே வெப்பம் தேங்கிவிடும்.

நேரம் முக்கியம். பத்து மணிக்கு மேல் காரை போட்ட மாடித் தளம் கொதிக்க ஆரம்பித்ததும் சூரியனின் விளிம்பு நெளியத் தொடங்கும். நுண்ணிய புள்ளிகள் எல்லாம் கரைந்துபோகும். காலையில் சூரியன் 20, 25 பாகை உயரம் ஏறியதிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் நமக்கான நேரம். மாடியை விடப் புல்தரை நல்லது, அதைவிடக் கண்மாய்க் கரை நல்லது. இன்னொரு காரணமும் காலையைத்தான் சொல்கிறது. நம் அட்சரேகையில் நண்பகலில் சூரியன் உச்சந்தலையை ஒட்டிப் போகும்போது பிம்பத்தில் வடக்கு எது, மேற்கு எது என்பது நிமிடத்துக்கு நிமிடம் சுழன்றுவிடுகிறது. திசையைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, தொலைநோக்கியைத் தொடாமல் விட்டுவிடுவது. பிம்பம் எந்தப் பக்கமாக நகர்ந்து வெளியேறுகிறதோ அது மேற்கு. புள்ளிகள் கிழக்கு விளிம்பில் தோன்றி, சுமார் 13 நாட்களில் மேற்கு விளிம்பில் மறையும். பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஒரு சுற்றுக்கு சராசரியாக 27 நாட்களுக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

70 மி.மீ. லென்ஸ் நல்ல காற்றில் சூரியன் மேல் ஏறக்குறைய 1,200 கி.மீ. அகலமுள்ள விவரம் வரை பிரித்துக் காட்டும். ஒரு வளர்ந்த புள்ளியின் நடுவே கறுத்த கருநிழலும் அதைச் சுற்றிச் சாம்பல் நிறப் புறநிழலும் தெளிவாகத் தெரியும். கருநிழல் உண்மையில் கறுப்பல்ல. கிட்டத்தட்ட 4,000 கெல்வின் வெப்பத்தில் ஒளிர்வதுதான், சுற்றுப்புறம் 5,800 கெல்வினுக்கு அருகில் இருப்பதால் மங்கித் தெரிகிறது. அடியிலிருந்து வெப்பம் பொங்கி மேலே வருவதை அங்கே வலுவான காந்தப்புலம் தடுத்துவிடுகிறது. விளிம்போரம் போனால் வெண்மையான திட்டுகள் தெரியும். கூட்டம் அடுத்த நாள் உள்ளே வரப்போகிறது என்பதற்கு முதல் தடயம் பல சமயம் அந்தத் திட்டுகள்தான்.

புள்ளிகள் பெரும்பாலும் கூட்டமாகவே வரும். மேற்குப் பக்கம் முன்னே போகும் பெரிய புள்ளி, கிழக்கே பின்தொடரும் புள்ளிகள், நடுவில் சில்லறை. முன்னதும் பின்னதும் எதிரெதிர் காந்த முனைகள். கூட்டங்களின் தோற்றத்தை வகைப்படுத்த பாட்ரிக் மெக்கின்டாஷ் மூன்று எழுத்து முறை ஒன்றை வகுத்தார்; இன்றும் உலகெங்கும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. முதல் எழுத்து கூட்டத்தின் நீளத்தையும் எந்த முனையில் புறநிழல் இருக்கிறது என்பதையும் சொல்லும். ஏ என்றால் புறநிழல் இல்லாத சின்னப் புள்ளி, பி என்றால் புறநிழல் இல்லாத இரட்டை, சி என்றால் ஒரு முனையில் மட்டும் புறநிழல். டி, ஈ, எஃப் மூன்றிலும் இரு முனைகளிலும் புறநிழல் உண்டு; 10 பாகைக்குள் டி, 10 முதல் 15 வரை ஈ, அதற்கு மேல் எஃப். தனியாக நிற்கும் முதிர்ந்த புள்ளி ஹெச். சூரியன் மேல் ஒரு பாகை சுமார் 12,000 கி.மீ., ஏறத்தாழ பூமியின் விட்டம். ஆகவே எஃப் வகைக் கூட்டம் என்றால் பதினைந்து பூமிகளை வரிசையாக வைத்த நீளம்.

தொடங்குபவர்கள் இந்த முதல் எழுத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஃப்ளேரைப் பொறுத்தவரை இரண்டாவதும் மூன்றாவதும்தான் பேசும். இரண்டாவது எழுத்து மிகப் பெரிய புள்ளியின் புறநிழலைப் பற்றியது: சிறிதா பெரிதா, வட்டமாகச் சீராக இருக்கிறதா, கோணலாகப் பிய்ந்து கிடக்கிறதா. மூன்றாவது, இரண்டு முனைகளுக்கு நடுவில் எவ்வளவு நெருக்கம் என்பது. நடுவில் வெற்றிடமாக இருந்தால் எதிரெதிர் முனைகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் விலகி நிற்கின்றன என்று அர்த்தம். நடுவில் புறநிழலோடு கூடிய புள்ளிகள் மொய்த்துக் கிடந்தால் அங்கே காந்தக் கோடுகள் முறுக்கேறிக்கொண்டிருக்கின்றன. எஃப்-கே-சி என்று ஒரு கூட்டத்துக்குக் குறி போட நேர்ந்தால், அதாவது நீளமானது, பெரிய கோணல் புறநிழல், நடுவே நெருக்கம் என்றால், அன்றைக்கு மற்ற வேலைகளைத் தள்ளிவைக்கலாம்.

காந்த முனைகளை நம் வடிகட்டியில் பார்க்க முடியாது. ஆனால் டெல்டா எனப்படும் ஆபத்தான அமைப்பு, அதாவது ஒரே புறநிழலுக்குள் எதிரெதிர் முனைகளின் கருநிழல்கள் ஒட்டிக் கிடப்பது, தோற்றத்தில் சாடை காட்டும். ஒரு பெரிய கோணலான புறநிழலுக்குள் நாலைந்து கருநிழல்கள் சிதறியிருக்கும். புறநிழலின் இழைகள் மையத்தை நோக்கி நேராகப் போகாமல் சுழித்துக்கொண்டு போகும். நேற்று வரைந்த படத்தோடு ஒப்பிட்டால் கருநிழல்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நகர்ந்திருக்கும். சந்தேகம் வந்தால் சூரியனைக் கண்காணிக்க 2010இல் ஏவப்பட்ட எஸ்.டி.ஓ. விண்கலத்தின் காந்தப் படம் அன்றாடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வெள்ளையும் கறுப்பும் நடுவில் சந்து இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் உங்கள் சந்தேகம் சரி.

2024 மே மாதத்து ஏஆர் 13664 என்ற புள்ளிக் கூட்டம் இதற்கெல்லாம் பாடப்புத்தகம். (நோவா என்ற அமெரிக்க அமைப்பு 1972இலிருந்து கூட்டங்களுக்கு வரிசை எண் கொடுத்துவருகிறது, முதல் இலக்கத்தை விட்டுவிட்டு 3664 என்றும் எழுதுவார்கள்.) மாதத் தொடக்கத்தில் கிழக்கு விளிம்பில் வந்தபோது அது யாரையும் திரும்பிப் பார்க்க வைக்கவில்லை. ஆறாம் ஏழாம் தேதிவாக்கில் வேகமாக ஊதத் தொடங்கி, பக்கத்திலிருந்த 13668 கூட்டத்தோடு கலந்து, பத்தாம் தேதிக்குள் பூமியைப் போல் சுமார் 15 மடங்கு அகலத்துக்கு விரிந்தது. கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெறும் கண்ணால் பார்த்தவர்களுக்கே தெரிந்தது. மே 8இலிருந்து மிக வலுவான எக்ஸ் வகை ஃப்ளேர்கள் வரிசையாக வெடித்தன. பத்தாம் தேதி எக்ஸ் 3.9 உச்சம் தொட்டது நம் நேரத்தில் பகல் 12 மணி 24 நிமிடம். அன்றிரவு 2003க்குப் பிறகு முதல் ஜி5, அதாவது அளவுகோலின் உச்ச நிலை, புவிகாந்தப் புயல். லடாக்கின் ஹான்லே வானாய்வகக் கேமராக்களில் சிவப்பாகத் துருவ ஒளி பதிவானது. அந்தச் சுற்றின் மிகப் பெரிய வெடிப்பான எக்ஸ் 8.7 மே 14 அன்று, கூட்டம் மேற்கு விளிம்பில் இறங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. நமக்கு அப்போது இரவு பத்தரை மணி ஆகப்போகிறது. ஃப்ளேர் துரத்துவதன் அவஸ்தை இதுதான்: பூமி சுழல்கிறது, பாதி வெடிப்புகள் நமக்கு இரவில் போய்விடுகின்றன.

இந்த சி, எம், எக்ஸ் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அளவல்ல. கோஸ் வரிசைச் செயற்கைக்கோள்கள் அளக்கும் எக்ஸ்-கதிரின் அளவு. ஒவ்வொரு எழுத்தும் முந்தையதைப் போல் பத்து மடங்கு. எக்ஸ் 1 என்பது சதுர மீட்டருக்குப் பத்தாயிரத்தில் ஒரு வாட், அவ்வளவுதான். சூரியன் மொத்த ஒளியாகச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,361 வாட் கொட்டிக்கொண்டிருக்கும்போது ஃப்ளேர் அதில் தனித்துத் தெரிவதற்கு அது மிக வலுவாகவும், ஒரு சிறு இடத்தில் குவிந்ததாகவும் இருக்க வேண்டும். அதனால்தான் வெள்ளொளி ஃப்ளேர், அதாவது சாதாரண ஒளியிலேயே தெரியும் ஃப்ளேர், அபூர்வம்.

அபூர்வமே தவிர, நடக்காதது அல்ல. மனிதர் முதன்முதலில் பதிவு செய்த ஃப்ளேரே வெள்ளொளியில், தனியார் ஒருவரின் சொந்த ஆய்வகத்தில் பார்த்ததுதான். 1859 செப்டம்பர் 1, இங்கிலாந்தின் ரெட்ஹில். ரிச்சர்ட் காரிங்டன் சூரிய பிம்பத்தை 11 அங்குல அளவில் விழவைத்துப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். ஒரு பெரிய கூட்டத்தின் மேல் திடீரென்று இரண்டு வெண்மையான ஒளித்திட்டுகள். பிம்பத்துக்கு நிழல் கொடுக்க வைத்த மறைப்புத் திரையில் ஓட்டை விழுந்து வெயில் நுழைகிறதோ என்றுதான் முதலில் நினைத்தார். சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடி, ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தபோது ஒளி ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருந்தது. ஐந்து நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. நல்ல வேளையாக ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இன்னொரு ஆர்வலரும் வேறிடத்திலிருந்து அதையே பார்த்திருந்தார். சுமார் பதினேழரை மணி நேரம் கழித்துப் புவிகாந்தப் புயல் வந்து தந்திக் கம்பிகளைக் கலக்கியது. பம்பாயின் கொலாபா வானாய்வகத்துக் காந்தமானியிலும் அந்தப் புயல் பதிவானது. வெடிப்பின் ஒளி எட்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது. புயலைக் கொண்டுவருவது வெடிப்போடு சில சமயம் வீசப்படும் மின்மப் பொருள் மேகம். அது வழக்கமாக ஒன்றிலிருந்து மூன்று நாள் எடுக்கும். ஃப்ளேர் வேறு, இந்த வீச்சு வேறு. செய்தித்தாள்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும்.

ஜப்பானின் ஹிசாகோ கோயாமாவும் 1960இல் ஒரு வெள்ளொளி ஃப்ளேரைப் பார்த்துப் பதிவு செய்தார். முறையான வானியல் பட்டம் இல்லாதவர். போர்க்காலத்தில், 1944இல், ஆர்வத்தில் வரையத் தொடங்கி, பிறகு டோக்கியோவின் தேசிய அறிவியல் அருங்காட்சியகத்தில் சேர்ந்து, நாற்பதாண்டு காலத்தில் பத்தாயிரத்துக்கும் அதிகமான சூரியப்புள்ளி வரைபடங்களை விட்டுச்சென்றார். காரிங்டன், கோயாமா இருவருமே ஃப்ளேரைத் தேடி உட்காரவில்லை. அன்றாடப் புள்ளி வரையும் வேலையின் நடுவே அது அவர்கள் கண்ணில் பட்டது. உங்களுக்கும் வாய்ப்பு வருமானால் அந்த வழியில்தான் வரும்.

ஹைட்ரஜன் ஆல்ஃபா பற்றி. 656.28 நானோமீட்டர் என்ற ஒரே சிவப்பு நிறத்தில், ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கும் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) குறைவான அகலத்தை மட்டும் விட்டு மற்றதை எல்லாம் வெட்டிவிடும் வடிகட்டி அது. அதில் சூரியனின் நிற மண்டலம் தெரியும்: விளிம்பில் எழும் பிழம்புகள், சூரிய வட்டத்தின் மேல் கறுத்த கயிறுகளாகக் கிடக்கும் இழைகள், ஃப்ளேர் நேரத்தில் பளிச்சென்று ஒளிரும் இணைப் பட்டைகள். இதில் எம் வகை ஃப்ளேர்கள் சாதாரணமாகவே தெரியும், சி வகைகூட அகப்படும். ஆனால் 40 மி.மீ. கருவியே இறக்குமதி வரியோடு சேர்த்து லட்சம் ரூபாயைத் தொடும் அல்லது தாண்டும். காசு தடையில்லை என்றால் வாங்குங்கள், அழகான காட்சி. ஆனால் முதல் வருடம் வேண்டாம். கூட்டத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு அது வேடிக்கைப் பொருளாகவே நின்றுவிடும், எந்த நாளில் எந்த மூலையைக் கவனித்துக்கொண்டு உட்காருவது என்றே தெரியாது.

அதைவிடச் சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை ஒன்றைச் சொல்கிறேன். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990இலிருந்து இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலிபரப்பும் நிலையம் அது. 18.2 கிலோஹெர்ட்ஸில் அதன் அலை வளிமண்டலத்தின் மேல்பகுதியில் மின்னேற்றம் பெற்றிருக்கும் அயனி மண்டலத்தை ஆராய்பவர்களுக்கு உலக அளவில் விடிஎக்ஸ் என்ற பெயரில் பழக்கமானது. அதில் என்ன செய்தி போகிறது என்பது நமக்குத் தேவையில்லை. மறைக்குறியீட்டில் போவது புரியவும் புரியாது. நமக்கு வேண்டியது அலையின் வலிமை மட்டும். பகலில் இந்த அலைகள் தரைக்கும், சுமார் 70 கி.மீ. உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தின் டி அடுக்குக்கும் நடுவே எதிரொலித்துக்கொண்டு தூரம் போகின்றன. ஃப்ளேரின் எக்ஸ்-கதிர் வந்து தாக்கியதும் டி அடுக்கு சட்டென்று அடர்ந்து, எதிரொலிக்கும் உயரம் இறங்குகிறது. வந்துகொண்டிருந்த அலையின் வலிமை சில நிமிடங்களில் ஏறும், சில பாதைகளில் இறங்கும். பிறகு ஒரு மணி நேரம் வாக்கில் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். வரைபடத்தில் இந்த வடிவம் சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி இருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

கருவி என்று பார்த்தால் ஒரு மீட்டர் பக்கமுள்ள மரச்சட்டம், அதில் பல சுற்று எனாமல் கம்பி, ஒரு சின்ன முன்-பெருக்கி, கணினியின் சவுண்ட் கார்டு. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் கார்டு 24 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதுவே போதும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சூப்பர்சிட் திட்டம் இதற்கான மென்பொருளையும் செய்முறையையும் பொதுவில் வைத்திருக்கிறது. இதில் தொல்லை கொடுப்பது சூரியன் அல்ல, வீட்டு இன்வெர்ட்டரும் எல்.இ.டி. விளக்கின் டிரைவரும்தான். சட்டத்தைத் திருப்பித் திருப்பி இரைச்சல் குறையும் திசையைக் கண்டுபிடித்து, கணினியிலிருந்து கேபிள் எட்டும் தூரம் வரை தள்ளிவையுங்கள்.

மதுரைக்கு ஒரு சிக்கல் உண்டு. விஜயநாராயணம் மிகப் பக்கம். அருகிலிருந்து வரும் அலையில் தரையோடு தவழ்ந்து வருவதே அதிகம். டி அடுக்கைத் தொட்டு வரும் பங்கு அதில் அமுங்கிவிடும். சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா போன்ற இடங்களுக்குத்தான் விடிஎக்ஸ் சரியான தூரம். நீங்கள் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், நார்த் வெஸ்ட் கேப்பிலிருந்து 19.8 கிலோஹெர்ட்ஸில் வரும் என்டபிள்யூசி நிலையத்தைப் பிடியுங்கள். இந்தியப் பெருங்கடலைத் தாண்டி வரும் அந்தப் பாதை தென் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் அருமையானது. எந்த நிலையமும் பராமரிப்புக்காக நின்றுபோகும். திடீரென்று கோடு தரையில் விழுந்தால் ஃப்ளேர் என்று குதிக்காதீர்கள். சூரியன் உதிக்கும்போதும் அடையும்போதும் ஏற்ற இறக்கம் இயல்பாகவே வரும், அந்த வடிவத்தைச் சில நாள் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். மேகம், மழை எதுவும் இந்த வேலைக்குத் தடையில்லை. ஐப்பசி கார்த்திகையில் வாரக்கணக்கில் சூரியனே கண்ணில் படாதபோதும் பகலில் வெடிக்கும் ஃப்ளேர் உங்கள் கணினியில் பதியும். பதிந்த நேரத்தை கோஸ் எக்ஸ்-கதிர் வரைபடத்தோடு ஒப்பிட்டு, காலையில் வரைந்த கூட்டங்களில் எது வெடித்தது என்று பார்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கடைசிக் கேள்வி, எண்ணி என்ன பிரயோஜனம்.

விண்கலங்கள் நொடிக்கு நொடி படம் பிடிக்கும் காலத்தில் இந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் சூரியப்புள்ளி எண் என்ற தொடர், சிறிய தொலைநோக்கியால் மனிதக் கண் எண்ணியதன் தொடர். மருந்துக்கடைக்காரரான ஹைன்ரிக் ஷ்வாபே புதனுக்கு உள்ளே ஒரு கிரகத்தைத் தேடி 1826இலிருந்து சூரியனை அன்றாடம் பார்த்தார். கிரகம் கிடைக்கவில்லை, புள்ளிகள் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவது கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்ட ருடால்ஃப் வூல்ஃப் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வகுத்த சூத்திரம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது: கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கி, தனிப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. நான்கு கூட்டம், 23 புள்ளி என்றால் 63. ஒரே ஒரு புள்ளி தனியாக நின்றால் அது ஒரு கூட்டமும் ஆகும், ஆக 11. வூல்ஃப் பயன்படுத்தியது சுமார் 80 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி. உங்களுடையது 70. ஒரு மீட்டர் தொலைநோக்கியை வைத்து எண்ணினால் அந்தத் தொடரோடு ஒட்டாது.

ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு பெருக்கு எண் கணக்கிடுவார்கள். வூல்ஃப் மிகச் சிறிய புள்ளிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார். அவருக்குப் பின் அந்தத் தொடரைக் கவனித்துக்கொண்ட வுல்ஃபர் எல்லாவற்றையும் எண்ணினார். அதனால் பிந்தைய எண்களை 0.6ஆல் பெருக்கும் வழக்கம் வந்து, 2015 ஜூலையில் தொடரையே திருத்தியமைத்தபோதுதான் அது கைவிடப்பட்டது. பழைய நூல்களில் 1957-58 உச்சம் 201 என்றிருக்கும், இப்போது 285 என்றிருக்கும். சூரியன் மாறவில்லை, அளவுகோல் மாறியது. அந்தத் திருத்தத்துக்குக் கைகொடுத்தது நீண்ட காலம் ஒரே கையால், ஒரே கருவியால் எண்ணிய பதிவுகள்தான். கோயாமாவின் வரைபடங்களின் மதிப்பு அதில் இருக்கிறது. உங்கள் ஊருக்கு மேலே கொடைக்கானலில் 1904இலிருந்து எடுத்துவரும் சூரியப் படங்களின் மதிப்பும் அப்படித்தான். புறநிழலில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது அங்கேதான். அந்தப் படங்கள் பதிந்த கண்ணாடித் தட்டுகளை எண்மமாக்கி ஆய்வாளர்கள் இன்றும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் எண்ணிக்கை சூரியப்புள்ளி எண்ணைத் தொகுக்கும் பெல்ஜியத்தின் சில்சோ மையத்துக்கோ, அமெரிக்க வானியல் ஆர்வலர் அமைப்பான ஏ.ஏ.வி.எஸ்.ஓ.வின் சூரியப் பிரிவுக்கோ போகலாம். இரண்டுமே ஆர்வலர்களின் பதிவுகளை ஏற்கின்றன. கடைப்பிடிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒரே கருவி, ஒரே உருப்பெருக்கம். நேரத்தை உலக நேரத்தில் எழுதுங்கள். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் சரி. காற்றின் தெளிவுக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். எல்லாவற்றையும் விட, எண்ணி முடிக்கும்வரை எஸ்.டி.ஓ. படத்தைத் திறக்காதீர்கள். அதைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறினால் தெரியாத புள்ளியும் தெரிகிற மாதிரி இருக்கும், அந்த நாள் பதிவு கெட்டது.

புள்ளிகள் கூடிக் குறையும் சுழற்சிகளில் இப்போதைய 25ஆம் சுழற்சியின் உச்சம் 2024 அக்டோபரில் கடந்துவிட்டதே, தாமதமாக வந்துவிட்டோமோ என்று தயங்க வேண்டாம். பெரிய கூட்டங்கள் இறங்குமுகத்திலும் வரும். 2003 அக்டோபர்-நவம்பர் புயல்கள் அந்தச் சுழற்சியின் உச்சம் முடிந்து இரண்டு ஆண்டு கழித்து வந்தவை. 2017 செப்டம்பரில், சூரியன் ஏறக்குறைய அடங்கிவிட்ட நேரத்தில், ஏஆர் 12673 என்ற தனிப் புள்ளி பல நாள் அசையாமல் இருந்துவிட்டு, இரண்டு மூன்று நாளில் டெல்டாவாக முறுக்கேறி, செப்டம்பர் 6 அன்று எக்ஸ் 9.3 வெடித்தது. ஹெச் வகை என்று எழுதிவிட்டு மறுநாள் பார்க்காமல் விட்டவர்கள் அதன் வளர்ச்சியைத் தவறவிட்டார்கள்.

இன்னும் சில ஆண்டில் புள்ளியே இல்லாத காலைகள் வரும். 2019இல் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான் போயின. அந்த நாட்களில் கட்டத்தில் 0 என்று எழுதுங்கள். மேகத்தாலோ ஊருக்குப் போனதாலோ பார்க்காத நாளைக் காலியாக விடுங்கள். இரண்டையும் ஒன்றாக்கிவிட்ட நோட்டுப் புத்தகத்தை யாராலும் பயன்படுத்த முடியாது.